ஏழுமலை வாங்கிய முன் ஆக்ஸில்

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "சாப்டியா, அங்க மழையா" என்று நான் பேச்சை மாற்றியது உனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். கிழவனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுகூட நினைத்திருப்பாய். எனக்கு நன்றாகவே கேட்டது. "நைனா, கல்யாணப் பத்திரிகைல அப்பா இடத்துல உன் பேரு மட்டும் போட்டுடறேன். இனிஷியலையும் மாத்திக்கிறேன். உன் பேரும் என் இனிஷியலும் ஏன் ஒத்துப்போகலைன்னு கவிதா வூட்ல கேக்குறாங்க. வீண் பேச்சு எதுக்கு?" என்றாய். போனை வைத்துவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்தேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வழியில் பார்த்தவனிடமெல்லாம் காரணமில்லாமல் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சந்தோஷ வேகத்தில் "சரி" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் போனில் வாயைத் திறக்கவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம். உன் அம்மாவைக் கேட்டேன். "அவன் கேட்டது உன்ன. நீயே சொல்லு. என்ன எதுக்கு நடுவுல இழுக்குற?" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தைக் கவிதாவிடமும் காட்டு. அந்தப் பெண்ணுக்கு நம் வீட்டுக் கதை தெரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கொட்டாவி விடாமல் படி. உன்னைப் பெற்றவன் ஏழுமலை, புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரன். நீ தவழ்ந்துகொண்டிருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டான். நம் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருப்பவன் அவன்தான். அவனை நீ அப்பா என்றாய், என்னை நைனா என்றாய். இது எப்படி வந்தது என்று யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, நீயாகவே பிரித்துக்கொண்டாய். நான் மதுராந்தகம் பக்கம் படாளம் என்கிற ஊர்க்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் வேலை செய்தவர்கள். நான் மட்டும் செங்கல்பட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஜீப் பட்டறையில் சேர்ந்து, கையெல்லாம் கிரீஸாகி, மேஸ்திரி என்று பெயர் வாங்கினேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. கல்பாக்கத்தில் கட்டட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கான்ட்ராக்டர்கள் பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து வந்து, உயிர் போகும்வரை ஓட்டிவிட்டு, ஓரங்கட்டிவிடுவார்கள். டிஸ்போசல் ஜீப் என்போம். ஏழுமலை ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர். அந்த ஆள் வேலை முடிந்து ஊரைவிட்டுப் போகும்போது, அடித்தகடு துருப்பிடித்துப்போன, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜீப் ஒன்றை மலிவு விலைக்கு ஏழுமலையிடம் தள்ளிவிட்டான். பின் சக்கரங்களைத் தாங்குகிற அச்சு, அதாவது பின் ஆக்ஸில், அதில் கிடையாது, என்ஜினும் கிடையாது. முன் ஆக்ஸில் மட்டும் புதுசு மாதிரி இருந்தது. ஏழுமலை அதைத் துடைத்துத் துடைத்து எனக்குக் காட்டுவான். "மேஸ்திரி, இது மண்ணுல எறங்குனா போதும். நம்ம ஊரு பொம்பளைங்க தலையில கூடைய வெச்சிகினு மணல்ல நடக்கத் தேவையில்ல பாரு" என்பான். கட்டுமரம் கரையேறுகிற இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அத்தனை மணல். கூடை வந்து சேர்வதற்குள் பாதி மீன் வாடிப்போய், வியாபாரி சொன்னதுதான் விலை என்றாகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி கரைக்கே போனால் கதையே வேறு. ஏழுமலையின் ஆசை அவ்வளவுதான். அது நிறைவேறுவதற்குள் போய்விட்டான்.

அவன் போன சில மாதங்கள் கழித்து உன் அம்மா தனம், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அதற்கு முன் அவளிடம் நான் பேசியதுகூட இல்லை. நேராக வந்து நின்று, "எல்லாரும் காயலாங்கடைக்குப் போடுன்றாங்க. எனக்கு மனசு வரல. இது ஓடுமா ஓடாதா? ஓடாதுன்னா இப்பவே சொல்லிடு, இழுத்தடிக்காத. ஓடுச்சுன்னா நானும் என் புள்ளையும் யார் கையையும் பாக்காம பொழச்சிக்குவோம்" என்றாள். நான் ஓடும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதே. அந்த முகத்தைப் பார்த்து ஓடாது என்று சொல்கிறவன் மனிதனே இல்லை.

நம் ஜீப்பைப் பார்த்து இப்போதும் சில பையன்கள் "அங்கிள், இது என்ன மாடல்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது எந்த மாடலும் இல்லை. முன்பக்கம் போர்க்காலத்து ஜீப். என்ஜின், செங்கல்பட்டில் புளியமரத்தில் மோதிய வேறொரு ஜீப்புடையது. ஸ்பிரிங் பட்டைகளை ஒரு டிரெய்லரிலிருந்து கழற்றினேன், மீன் பாரத்துக்கு ஜீப் பட்டை தாங்காது என்று. பின் ஆக்ஸில், பிற்பாடு வந்த ஜீப் ஒன்றிலிருந்து எடுத்தது. பட்டை உட்காருகிற இடம் மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தது. வெட்டி, நகர்த்தி, வெல்டிங் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன், வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குப்பமே கரையில் நின்றது. கூடைகளை ஏற்றினார்கள். முன் சக்கரத்தைச் சேர்க்கிற லீவரைத் தட்டினேன். வண்டி மணலில் உறுமிக்கொண்டு ஏறியது. பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். தார் ரோட்டில் ஏறியதும் லீவரை எடுத்துவிட வேண்டும், எடுத்தேன், வரவில்லை. வண்டி குதிக்க ஆரம்பித்தது. டயர் கீச்சுக் கீச்சென்று ரோட்டைத் தேய்த்தது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், அடியில் டமார் என்றது. ஒரு கிழவி கூடையை இறக்கிக்கொண்டே, "இன்னா மேஸ்திரி, நாலு காலும் நாலு திக்குல இழுக்குதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

உடைந்தது, என்ஜின் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கிற பெட்டிக்குள் இருந்த பல்சக்கரம். பழசு, தேய்ந்திருக்கும், அதனால் போய்விட்டது என்று முடிவு கட்டி, வேறொன்றைத் தேடிப்பிடித்து மாட்டினேன். மறுபடி மணலில் ஏறியது, மறுபடி ரோட்டில் உடைந்தது. நீ குடும்பம் நடத்தப் போகிறவன், இதைக் கேட்டுக்கொள். ஒரே சாமான் இரண்டு தடவை உடைந்தால் கோளாறு அந்தச் சாமானில் இல்லை. மூன்றாவது வாங்கக் கடைக்கு ஓடாதே. நான் ஓடத்தான் கிளம்பினேன். தனம்தான் வழியில் நின்றாள். "நீ உடைஞ்சதையே பாத்துகினு கீற. உடைக்கிறது எதுன்னு பாரு" என்றாள். எரிச்சலாக இருந்தது. ஜீப்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. ஆனால் வேறு யோசனையும் என்னிடம் இல்லை.

அவள் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு, பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. நான் மல்லாந்து அடியில் படுத்துக்கொண்டேன். அந்தப் பெட்டியிலிருந்து முன்னும் பின்னும் போய்ச் சக்கரங்களைச் சுழற்றுகிற நீளத் தண்டுகளான ஷாஃப்ட் இரண்டிலும் கோடு போட்டேன். தனம் ஒரு பக்கச் சக்கரத்தைக் கல் வைத்து அடைத்துவிட்டு, மறுபக்கத்தைக் கையால் சுற்றினாள். "ஒரு சுத்து வந்திச்சு" என்று சொல்வாள், நான் ஷாஃப்ட் எவ்வளவு சுற்றியது என்று பார்ப்பேன். பிறகு பின்னால் போய் அதே மாதிரி. நீ மணலில் உட்கார்ந்து என் ஸ்பேனரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய். முன்பக்க ஷாஃப்ட் நின்ற அளவைப் பின்பக்க ஷாஃப்ட் தாண்டிப் போனது. சந்தேகமாக இருந்தது, மறுபடி சுற்றச் சொன்னேன். மறுபடியும் தாண்டியது.

கவிதாவுக்காக விளக்குகிறேன், நீ அந்த வேலையிலேயே இருப்பவன். ஆக்ஸிலின் நடுவயிற்றுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். அவற்றின் பற்களின் கணக்குப்படிதான் ஷாஃப்ட் சுற்ற, சக்கரம் சுற்றும். போர்க்கால ஜீப்பில் ஒரு கணக்கு, பிற்பாடு வந்த ஜீப்பில் வேறு கணக்கு. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலையும் சேர்த்தால், முன்னது வேகமாகப் போ என்கிறது, பின்னது இரு என்கிறது. மணலில் சக்கரம் வழுக்கிக்கொடுப்பதால் சமாளித்துவிடும். தார் ரோடு வழுக்கிக்கொடுக்காது, ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும். பட்டறையில் ஆக்ஸிலை மாட்டிப் பிழைக்கிறவன் பல்லை எண்ணாமல் மாட்டியிருக்கிறேன். உட்கார்ந்ததா, உட்கார்ந்தது, அதோடு திருப்தி. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

புருஷனும் பெண்டாட்டியும் முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் மாதிரி என்று நான் இப்போது உபதேசம் பண்ணப்போகிறேன் என்று எதிர்பார்ப்பாய். மாட்டேன். மனிதர்களுக்குப் பல்லை எண்ண முடியாது. உன் அம்மாவுக்கும் எனக்கும் எந்தக் கணக்கும் ஒத்துப்போனதில்லை. அவள் விடியலில் எழுந்து ஊரை எழுப்புகிறவள், நான் எழுந்த பிறகும் தூங்குகிறவன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு.

கோளாறு தெரிந்ததும் நான் சந்தோஷமாக எழுந்து, "இது சுலபம். முன் ஆக்ஸில கழட்டிப் போட்டுட்டு, பின்னாடி கீறது எந்த வண்டியோடதோ அதே வண்டி முன் ஆக்ஸிலை மாட்டிடலாம். பட்டறையிலேயே கிடக்கு" என்றேன். தனம் சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அது அவரு வாங்குனது. அத்தத் தொடாத" என்றாள். "ஒரு இரும்புதானே" என்றேன். "எனக்கும் தெரியும் இரும்புன்னு. நீ மாட்டுனத மாத்து" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. உப்பு போடு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. போனவன் வாங்கிய ஒரு இரும்புத் துண்டு இருக்கலாம், நான் வெட்டி, ஒட்டி, ஊரில் மானம் போய் மாட்டியது போக வேண்டுமா என்று இருந்தது. கவனி, அந்த நேரத்தில் எனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் இறந்தவன்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது என்றால், ஏதோ ஆரம்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அது அப்போது எனக்குப் புரியவில்லை.

போர்க்கால ஜீப்பின் பின் ஆக்ஸில் எங்கும் கிடைக்கவில்லை. மதுராந்தகம், திண்டிவனம் என்று அலைந்தேன். வெறுங்கையோடு திரும்பி வரும்போது படாளத்தில் எங்கள் மாமாவைப் பார்க்க இறங்கினேன். அவர் டயர் போட்ட மாட்டுவண்டியில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடிப்பவர். வாசலில் வண்டி நின்றது. மாடு இரண்டும் ஓரமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவர் கொடுத்த மோர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு தற்செயலாகக் குனிந்தேன். மாட்டுவண்டிக்கு அடியில், தொப்பை மாதிரி உருண்டையாக, நான் தேடியலைந்த அதே ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்போசலில் மலிவாக வந்தது என்று யாரோ மாட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வசதி, சக்கரத்தைச் சுழற்றுகிற உள் ஷாஃப்டுகளை உருவிவிட்டாலும் சக்கரம் தானாக உருளும். "உள்ள இருந்த ரெண்டு கம்பி எங்க மாமா?" என்றேன். மாமா கையைக் காட்டினார். மாடு கட்டியிருந்த முளைகள் இரண்டும் அவைதான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏன்டா, ஓடினு கீற வண்டிய நிறுத்தி, ஓடாத வண்டிக்குக் குடுக்கச் சொல்றியா? இன்னா நியாயம் இது?" என்றார். "என்னுதத் தர்றேன் மாமா, இதவிடப் புதுசு. மாட்டுக்கு எந்தப் பல்லா இருந்தா இன்னா?" என்றேன். "யாருக்குடா இது?" என்றார். சொன்னேன். "அந்தப் பொண்ணுக்காக மாட்டு முளையக்கூடப் புடுங்க வந்துட்டியா? சரி, புடுங்கு. ஆனா நீயே வேற முளை அடிச்சிக் குடுத்துட்டுப் போ" என்றார். வேறு முளை அடித்துக் கொடுத்தேன். என் ஆக்ஸிலைக் கொண்டுவந்து வண்டிக்கு மாட்டினேன். மாடு வீணாகப் பல்லைச் சுற்ற வேண்டாம் என்று உள்ளிருந்த இரண்டு பல்சக்கரங்களில் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். முளையாக இருந்த ஷாஃப்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, மாமா சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கியிருந்த தலையை அரத்தால் ராவி, ஒருவழியாக உள்ளே தள்ளினேன். இந்தத் தடவை மாட்டுவதற்கு முன்னால் சுற்றிப்பார்த்தேன். முன்னும் பின்னும் கோட்டோடு கோடு வந்து நின்றது.

அன்றைக்கு மணலில் ஏறியபோது கரையில் கூட்டம் இல்லை. இரண்டு தடவை சிரித்தாகிவிட்டது, மூன்றாவது தடவைக்கு யார் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள்? தனமும் நீயும்தான் பக்கத்து சீட்டில். பின்னால் அவள் ஏலம் எடுத்த மீன். தார் ரோட்டில் ஏறினோம். லீவரைத் தொட்டேன், விரல் பட்டதும் வந்துவிட்டது. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மீன் கண் பளபளவென்று இருந்தது. தனம் வழியெல்லாம் திரும்பித் திரும்பிக் கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். மார்க்கெட்டில் இறங்கும்போது, "அவரு பாத்திருந்தா குதிச்சிருப்பாரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் குதிச்சா இன்னா?" என்றாள். அப்போது வந்த சந்தோஷத்தில் ஏழுமலைமேல் இருந்த பொறாமை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவன் இல்லாவிட்டால் எனக்கு அந்த வண்டி இல்லை, அவள் இல்லை, நீ இல்லை. ஒருத்தன் பாதியில் விட்டுப்போனதை எடுத்துக்கொண்டுதான் நான் வாழ ஆரம்பித்தேன். அவன் பங்கைப் பிடுங்கிவிட்டு நான் ஓடியிருக்க முடியாது.

அதற்கு அடுத்த வருஷம் திருப்போரூர் கோயிலில் தாலி கட்டினேன். வேறு ஊர், வேறு ஆட்கள் என்று குப்பத்துப் பெரியவர்கள் முறைத்தார்கள். ஜீப்பில் கூடை ஏற்றுகிற பொம்பளைகள் அவர்களை வாயாலேயே அடக்கிவிட்டார்கள். அதை உன் அம்மா சொன்னால்தான் நன்றாக இருக்கும், கெட்ட வார்த்தைகளோடு சொல்வாள். தாலி கட்டுவதற்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "புள்ளைக்கு அவங்க அப்பன் இனிஷியல்தான். அத்த மாத்தக்கூடாது." நான் யோசிக்கவே இல்லை, சரி என்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் என் பெயரைக் கேட்டு எழுதப்போனார். நான் தடுத்து, "ஏ. கன்னியப்பன், ஏழுமலை மகன்" என்று எழுதச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப நீங்க யாரு?" என்றார். "நான் கூட்டினு வந்தவன்" என்றேன். நீ என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்கு அப்போது ஒரு குறையும் தோன்றவில்லை, இப்போதும் இல்லை.

அதனால் இனிஷியலைத் தொடாதே. கவிதா வீட்டில் கேட்டால் ஒளிக்காமல் சொல். சொல்ல வெட்கப்படுகிற மாதிரி இதில் என்ன இருக்கிறது? கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்து உன் அம்மா அனுப்பிவைப்பாள், சரியாகிவிடுவார்கள். எனக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ நினைத்தாயே, அது வந்து சேர்ந்துவிட்டது கண்ணு. நீ போனில் சொன்ன அந்த நிமிஷமே முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. அதை அச்சில் வேறு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. கொஞ்சம் இருந்தது, எழுத எழுதப் போய்விட்டது.

"இன்னா எழுதினு கீற இத்தினி நேரமா, சோறு ஆறிப் போவுது" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. முடிக்கிறேன். அச்சாபீஸ்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், கோபித்துக்கொள்ளாதே. மணமகன் பெயருக்குக் கீழே, காலஞ்சென்ற ஏழுமலை, தனலட்சுமி இவர்களின் மகன் என்று வரும். என் பெயர் கடைசியில், உங்கள் வருகையை எதிர்பார்க்கும் என்று போடுவார்களே, அங்கே. பெற்ற இடத்தில் அவன் பெயர் இருக்கட்டும். மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு, உள்ளே வாங்க, என் பிள்ளை கல்யாணம் என்று கூப்பிட உயிரோடு ஒருத்தன் வேண்டும். புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

நைனா